அயல்நாட்டுத் தொண்டும் அடுத்த தெரு அந்நியரும்

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பங்கு ஒன்றில் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு ஓர் இளையோர் கூட்டம். ஜெர்மனி நாட்டில் ஓராண்டு தன்னார்வப் பணி செய்ய விரும்புவோருக்கு விளக்கம் சொல்வதற்காகக் கூட்டப்பட்டது. இருபது பேர் வருவார்கள் என்று நாற்காலி போட்ட இடத்தில் பெற்றோரும் சேர்ந்து ஐம்பது பேர் வந்துவிட்டார்கள். 'ஜெர்மனி' என்ற சொல்லுக்கு அவ்வளவு ஈர்ப்பு. பேச்சு முடிந்ததும் முதலில் எழுந்தவர் ஓர் அம்மா. அவருடைய மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு முடித்துவிட்டு, சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்ட் பார்க்கிறவன். "சம்பளம் கிடையாதுன்றீங்க. ஒரு வருஷம் இங்க இருக்கற வேலையும் போயிடும். அப்புறம் எதுக்குங்க இது?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிட்டார். "அவங்க வீட்லயே தங்கணும்ன்றீங்களே, அந்த வீட்ல எம் புள்ளைய என்ன வேலை வாங்குவாங்க?"

முதல் கேள்விக்கு விளக்கம் சொல்ல வந்தவரிடம் தயாராகப் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, அன்று கேட்கப்பட்ட கேள்விகளிலேயே அதுதான் பெரியது என்று தோன்றியது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நம் பிள்ளை ஓராண்டு காலம் யாராக இருக்கப் போகிறான்? வேலைக்காரனாகவா, வாடகைக்கு இருப்பவனாகவா, விருந்தாளியாகவா, அல்லது அந்த வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவனாகவா? இளையோரை அயல்நாட்டுப் பணிக்குத் தயாரிப்பது என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். மற்றவை எல்லாம் விசாவும் விமானச் சீட்டும்தான்.

இத்திட்டத்தைப் பற்றிச் சில செய்திகளை முதலில் தெரிந்துகொள்வோம். ஜெர்மன் அரசின் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைச்சகம் 2008-ஆம் ஆண்டு 'வெல்ட்வெர்ட்ஸ்' என்ற தன்னார்வப் பணித் திட்டத்தைத் தொடங்கியது. 'உலகை நோக்கி' என்பது அச்சொல்லின் பொருள். 18 முதல் 28 வயதுக்குட்பட்ட ஜெர்மன் இளையோர் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்குச் சென்று, குறைந்தது 6 மாதம், கூடினால் 24 மாதம் பணியாற்றலாம். பெரும்பாலோர் ஓராண்டு இருக்கிறார்கள். செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. மீதியை அனுப்பும் நிறுவனம் நன்கொடைகள் வழியாகத் திரட்டுகிறது. தென்னிந்தியாவின் தொன்போஸ்கோ இல்லங்களிலும், புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லிலும் இவ்வாறு வந்த இளையோரை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

தொடக்கத்தில் இது ஒருவழிப் பாதையாகத்தான் இருந்தது. அவர்கள் வருவார்கள், நாம் வரவேற்போம். 2013-க்குப் பிறகுதான் எதிர்த்திசையிலும் கதவு திறந்தது; தெற்கு நாடுகளின் இளையோரும் ஜெர்மனிக்குச் சென்று பணிசெய்யலாம் என்றானது. அதற்கு அங்கே ஒரு வாய்ப்பும் அமைந்திருந்தது. ஜெர்மனியில் 2011-ஆம் ஆண்டு கட்டாய இராணுவச் சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. அதுவரை, துப்பாக்கி ஏந்த மனமில்லாத இளைஞர்கள் அதற்கு ஈடாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்து வந்தார்கள். அவர்கள் இல்லாமல் போன இடத்தை நிரப்ப அதே ஆண்டில் கூட்டாட்சித் தன்னார்வப் பணி என்ற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. நம் நாட்டு இளையோர் அங்கே போவது பெரும்பாலும் அந்த ஏற்பாட்டின்கீழ்தான். மழலையர் பள்ளி, மாற்றுத்திறனாளிகள் இல்லம், முதியோர் இல்லம் போன்ற இடங்களில் பணி. தங்குமிடம், உணவு, காப்பீடு, கைச்செலவுக்குச் சிறு தொகை ஆகியவை உண்டு, சம்பளம் கிடையாது. ஆண்டு முழுவதும் சேர்த்து 25 நாள்கள் பயிற்சி வகுப்பு கட்டாயம்.

அந்த அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். அவர் அச்சத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளிநாடு என்று சொல்லி ஏமாற்றுவோர் நம் பகுதியில் நிறையவே உண்டு. நல்ல வேலை என்று நம்பித் தாய்லாந்து போனவர்கள் மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டதையும், 2025 மார்ச் மாதம் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே பெற்றோர் சில வேறுபாடுகளைத் தெரிந்துகொள்வது நல்லது. தன்னார்வப் பணி வேறு. 'ஓ பேர்' என்பது வேறு. பின்னதில் ஒரு குடும்பத்தின் குழந்தைகளைக் கவனித்துக்கொள்வதே வேலை. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்பது ஜெர்மனியின் விதி. 'அவுஸ்பில்டுங்' என்று விளம்பரப்படுத்தப்படும் தொழிற்பயிற்சி இன்னும் வேறு. அதற்கு மொழித் தேர்ச்சி நன்றாக வேண்டும், உதவித்தொகையும் உண்டு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, 'தொண்டர் விசாவில் போய் வேலையில் சேர்ந்துவிடலாம்' என்று சொல்லி இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வேலைக்கு ஆளெடுக்கும் பதிவுபெற்ற முகவர்கூட 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறு எதுவும் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடாது என்பது நம் நாட்டின் விதி. சந்தேகம் இருந்தால் விசாரிக்க, சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தொண்டு செய்ய இலட்சங்கள் கொடுத்துப் போகிறவன் அங்கே போய்த் தொண்டு செய்ய மாட்டான்; கடனைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.

இனி இரண்டாவது கேள்வி.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நாம் விருந்தோம்பலில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் நமக்குத் தெரிந்த விருந்தோம்பல் மூன்று நாள் விருந்தோம்பல். வந்தவரை உட்கார வைத்து, எழுந்திருக்க விடாமல், இலையில் வைத்துக்கொண்டே இருப்பது. முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஒருவர் வீட்டில் தங்குவது வேறு கலை. நான்காம் நாள் விருந்தாளி தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். பத்தாம் நாள், தான் வெளியே போவதையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு மாதம் கழிந்ததும் வீட்டாரின் தட்டையும் கழுவ வேண்டும். இந்தப் படிகளைத்தான் பயிற்சி கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் வளர்ந்த பையன்களுக்கு இதில் முதல் படியே கடினம். இருபது வயதுவரை தன் தட்டை அம்மாவோ அக்காவோ கழுவியே பார்த்தவன், ஜெர்மன் வீட்டில் குடும்பத் தலைவர் சமைப்பதையும் பிள்ளைகள் மேசையைத் துடைப்பதையும் காண்கிறான். தன்னையும் துடைக்கச் சொன்னால் அவமானம் என்று எண்ணுவான். 'வேலைக்காரனாக வைத்திருக்கிறார்கள்' என்று வீட்டுக்குப் போன் செய்வான். அம்மா அழுவார். உண்மையில் நடந்தது என்ன? அவர்கள் அவனைப் பிள்ளையாக நடத்தினார்கள். அவன் விருந்தாளியாகவே இருக்க விரும்பினான். எந்த வேலையும் சொல்லாமல் தனி அறை கொடுத்து ஒதுக்கி வைத்திருந்தால்தான் அங்கே அவன் அந்நியன். வீட்டு வேலையில் பங்கு கேட்பதற்கும் வேலைக்காரனாக ஆக்குவதற்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. எல்லாரும் செய்வதில் அவனும் செய்தால் அது பங்கு. மற்றவர் யாரும் செய்யாததை அவன் மட்டும் செய்தால் அது சுரண்டல். இந்தக் கோட்டை முதல் வாரத்திலேயே பையனும் வீட்டாரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். கோடு மீறப்பட்டால் யாரிடம் சொல்வது என்பதும், வீட்டார் அல்லாத ஒருவரின் தொலைபேசி எண்ணும் அவன் கையில் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை வற்புறுத்திக் கேட்கலாம்; கேட்பதில் வெட்கம் தேவையில்லை. சிறாருடன் பணிசெய்ய வருபவரிடம் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. நம் பிள்ளையைத் தங்க வைக்கும் குடும்பத்தைப் பற்றியும் அதே அக்கறையோடு விசாரித்திருக்கிறார்களா என்று கேட்பது நம் உரிமை.

மற்றவை சிறு சிறு செய்திகள்தாம், ஆனால் ஓராண்டை ஆக்குவதும் கெடுப்பதும் அவைதான். இரவுச் சாப்பாடு என்றால் அங்கே பல வீடுகளில் ஆறிய ரொட்டியும் பாலாடைக்கட்டியும். சூடான சோறு இல்லாத இரவு ஒரு வாரம் விளையாட்டு. நவம்பர் மாதத்தில், மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிட்ட பிறகு, அது அழுகை. அறைக் கதவு மூடியிருந்தால் கோபம் என்று பொருளல்ல. எட்டு மணி என்றால் எட்டு மணிதான். குப்பையைக் காகிதம், நெகிழி, உணவுக் கழிவு எனப் பிரித்துப் போட வேண்டும். இவற்றைவிட நம் பிள்ளைகளைத் திணற வைப்பது வேறொன்று. அங்கே அறுபது வயதுப் பெரியவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். அண்ணா, அக்கா, மாமா, அத்தை என்று யாரையாவது உறவில் வைத்தால்தான் நமக்குப் பேச்சே வரும். உறவுச்சொல் இல்லாத வீட்டில் உறவை எப்படிக் காட்டுவது? நம் வயிற்றைப் பழக்கிவிடலாம். நாக்கைப் பழக்குவது கடினம். இப்படிப்பட்டவற்றை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டிப் பயனில்லை. நடித்துப் பழக வேண்டும். அதைவிட நல்லது, எங்காவது உண்மையாகவே தங்கிப் பழகுவது.

அன்பர்களே, இது ஒன்றும் ஐரோப்பியர் கண்டுபிடித்த கலை அல்ல. லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் இயேசு எழுபத்திரண்டு பேரை ஊர் ஊராக அனுப்புவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பகுதியை ஒரு பயிற்சிக் குறிப்பாக வாசித்துப் பாருங்கள். இருவர் இருவராக அனுப்புகிறார். பணப்பை வேண்டாம் என்கிறார். போன இடத்தில் ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார், வசதியான வீடு தேடி மாற வேண்டாம் என்கிறார். வைப்பதைச் சாப்பிடச் சொல்கிறார். எதைப் போதிக்க வேண்டும் என்பதைவிட எப்படித் தங்க வேண்டும் என்பதற்குத்தான் அங்கே அதிக வரிகள் இருக்கின்றன. கையில் ஒன்றும் இல்லாமல் போகிறவன் வீட்டாரை நம்பித்தான் ஆக வேண்டும். கொடுக்கப் போகிறேன் என்று புறப்படுகிறவன் முதலில் வாங்கக் கற்கிறான்.

அயல்நாட்டுத் தன்னார்வப் பணியின் வரலாற்றிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். முதல் உலகப் போருக்குப் பிறகு, பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1920-இல் பிரான்சின் வெர்டன் பகுதியில், போரில் நொறுங்கிய ஒரு சிற்றூரை மீண்டும் கட்ட ஒரு சிறு குழுவைத் திரட்டினார். பகை நாட்டவரான ஜெர்மானியரும் அக்குழுவில் இருந்தது ஊராருக்கு எளிதாக இல்லை. அந்த அமைப்பினர் ஐரோப்பாவுக்கு வெளியே பணிக்குச் சென்ற முதல் இடம் எது தெரியுமா? நம் பீகார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. நிவாரணப் பணிகளுக்குத் தலைமையேற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான இராஜேந்திர பிரசாத். செரசோல் சில தோழர்களோடு வந்து, 1937 வரை அங்கே கிராமங்களைக் கட்டும் பணியில் ஈடுபட்டார். இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பீகாரின் பெயர் கும்மிடிப்பூண்டியில் மீண்டும் வரும்.

அமெரிக்காவின் அமைதிப் படையும் 1961-இல் தொடங்கப்பட்ட அந்த ஆண்டே இந்தியாவுக்கு வந்தது. 1976 வரை இருந்தது. அதன் தொண்டர்களுள் ஒருவர் லில்லியன் கார்ட்டர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார். 1966-இல் அவர் பம்பாயை அடுத்த விக்ரோலியில், கோத்ரெஜ் தொழிற்சாலைக் குடியிருப்பில் பணிக்கு வந்தபோது அவருக்கு வயது 68. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொழிலாளர் குடும்பங்களிடையே செவிலியராக உழைத்தார். தொண்டர் என்றால் இருபது வயதினர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்; ஓய்வு பெற்ற செவிலியர்களும் ஆசிரியர்களும் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இன்னொன்று, அவர் வந்தது அழகிய மலைக் கிராமத்துக்கு அல்ல; புகை படிந்த ஒரு தொழிற்பேட்டைக்கு.

நம் பங்குகளுக்கும் வெளிநாட்டு இளையோர் வரக்கூடும் என்பதால் அதையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். பதினெட்டு வயதில் பள்ளி முடித்து வரும் ஒரு ஜெர்மன் பிள்ளைக்கு நம்மிடம் செய்யத் தெரிந்த வேலை மிகக் குறைவு. மொழி தெரியாது, வெயில் தாங்காது, முதல் மூன்று மாதம் அவரைக் கவனிப்பதே நமக்கு ஒரு வேலை. 'உதவி செய்ய வந்தார்' என்று நாம் சொல்வது பாதி உபசாரப் பேச்சு. அவர் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார். இத்திட்டத்தை நடத்துவோரும் இதைக் கற்றல் பணி என்றே சொல்கிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. குறை நம்மிடம்தான். வெள்ளைத் தோலைக் கண்டதும் நாம் அவரை மேடையில் ஏற்றுகிறோம், மாலை போடுகிறோம், பத்து வீட்டில் பிரியாணி போடுகிறோம், படம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு மணி நேரம் தனியே இருக்க அவர் விரும்பினால் 'உடம்பு சரியில்லையா' என்று ஐந்து பேர் கதவைத் தட்டுகிறோம். ஆகவே பயிற்சி வருகிறவருக்கு மட்டும் போதாது, ஏற்கும் வீட்டாருக்கும் வேண்டும். எந்த வீடு என்பதைத் தேர்ந்தெடுப்பதில் அன்பியங்கள் உதவலாம். மாடி வீடும் ஏசி அறையும் இருப்பதுதான் தகுதி என்று வைத்துக்கொண்டால் ஒரு தெருவிலிருந்து மட்டுமே குடும்பங்கள் கிடைக்கும். எந்தத் தெரு என்பது நமக்கே தெரியும். சாதியின் கணக்கு விருந்தோம்பலுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது என்பதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. எளிய வீடு ஒன்றில், சுத்தமான கழிப்பறையும் தாழிடக்கூடிய அறையும் இருந்தால், அங்கே ஓராண்டு தங்கிய பிள்ளைதான் நம் ஊரைத் தெரிந்துகொண்டு போவார்.

இப்போது கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவோம். நம் பிள்ளைகள் எங்கே தங்கிப் பழகுவது என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு ஜெர்மனி போக வேண்டியதில்லை, திருச்சியோ பெங்களூரோ போகவும் வேண்டியதில்லை. சிப்காட்டின் உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் இரும்புக் கம்பி ஆலைகளிலும் உலைக்கு முன்னால் நிற்பவர்கள் யார்? பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அசாம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த நம் வயதுப் பிள்ளைகள். திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து மண் மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களும் மொழி தெரியாத ஊருக்கு வந்தவர்கள்தாம். இவர்களை ஏற்கும் குடும்பம்தான் இல்லை. தகரக் கொட்டகையில், ஓர் அறையில் எட்டுப் பேர். பகல் ஷிப்ட் போனவன் விட்ட பாயில் இரவு ஷிப்ட் முடித்தவன் படுக்கிறான். கடைக்காரர் கணக்குத் தீர்க்கும்போது பேசுவதைத் தவிர, உள்ளூர்க்காரர் யாரும் இவர்களோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டதில்லை.

நாம் இவர்களைப் பார்ப்பது செய்தி வரும்போது மட்டும். 2020 மே மாதத்தில், பொதுமுடக்கத்தின்போது, வடக்கே தங்கள் ஊர்களை நோக்கி மூட்டை முடிச்சுகளோடு நடந்தவர்களைக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் பார்த்தோம். அன்று சில பங்குகளும் துறவற இல்லங்களும் சோறும் தண்ணீரும் கொடுத்தன, நல்லது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அவர்கள் பயந்து கூட்டமாக இரயிலேறியதைப் பார்த்தோம். உண்மையைச் சொல்லி நிறுத்துவதற்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரு தமிழர் வீடுகூட இல்லாமல் போயிற்று. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தபோது மறுபடி பார்த்தோம். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் அந்த வட்டாரத்தில் யாருக்காவது முன்பே தெரிந்திருக்கும்?

ஆகவே என் எண்ணம் இது. அயல்நாட்டுப் பணிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வோர் இளைஞனும் இளம்பெண்ணும், புறப்படும் முன் ஆறு மாதம், ஞாயிறுதோறும் அரைநாளாவது இவர்களிடையே விருந்தாளியாக இருந்து பழகட்டும். பெண்கள் குடும்பத்தோடு தங்கியிருப்போரிடம், இருவர் இருவராகப் போகட்டும். பொட்டலம் கொடுக்கப் போக வேண்டாம். கேமரா வேண்டாம். சிப்காட் தொழிலாளியிடம் ஐம்பது இந்திச் சொற்களோ ஒடியாச் சொற்களோ கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். அவர்கள் சமைக்கும் சாத்துவையும் உருளைக்கிழங்குக் குழம்பையும் தரையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். மொழி தெரியாமல் விழிப்பது என்றால் என்ன, பிடிக்காத சாப்பாட்டை முகம் சுளிக்காமல் விழுங்குவது எப்படி, 'எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று கூச்சமில்லாமல் கேட்பது எப்படி என்பதெல்லாம் அங்கே ஆறு வாரத்தில் வந்துவிடும். பழகிய பிறகு செய்ய வேலை தானாக வரும். அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபரில் வந்தது. ஆனால் தன் ஊர் அட்டையை வைத்து இங்கே அரிசி வாங்கலாம் என்பது தெரியாதவர்கள் இன்றும் உண்டு. கை நசுங்கி அரசு மருத்துவமனைக்குப் போகிறவனுக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். இவை ஜெர்மன் முதியோர் இல்லத்தில் செய்யப் போகும் வேலையைவிடச் சிறியவை அல்ல.

'இவனுங்க வந்துதான் நம்ம பசங்களுக்கு வேலை போச்சு' என்ற பேச்சு நம் பங்கு வாசல்களில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஒப்பந்த முறை இருவரையும் ஒருசேரப் பிழிகிறது என்பதைப் பேச இது இடமல்ல. ஆனால் ஜெர்மனியில் நம் பிள்ளையைப் பார்த்து அங்குள்ள சிலர் இதே பேச்சைப் பேசுவார்கள். அப்போது அவனுக்குப் புரியும். முன்பே புரிந்துகொண்டு போனால் இன்னும் நல்லது.

இவ்வளவு எழுதும்போது ஒரு கூட்டத்தாரின் நினைவு வந்து உறுத்துகிறது. கும்மிடிப்பூண்டியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 முதல் அரசு அதனை மறுவாழ்வு முகாம் என்று அழைக்கிறது. அந்நிய மண்ணில் வாழ்வது பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லாத இளையோர் அங்கே வளர்ந்திருக்கிறார்கள். இயேசு சபையின் அகதிகள் பணிக்குழு தமிழக முகாம்களில் நடத்திவரும் மாலை வகுப்புகளில் படித்து, பிறகு அங்கேயே தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளும் உண்டு. தொண்டுக்கு இவர்களைவிடத் தகுதியானவர் யார்? ஆனால் இவர்கள் கையில் கடவுச்சீட்டு இல்லை. 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பால் குடிமக்கள்; மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் ஆணையிட்டது இதன் அடிப்படையில்தான். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இன்று இருபது வயதில் இருக்கும் முகாம் பிள்ளை, இந்த மண்ணிலேயே பிறந்தும், எந்த நாட்டுக்கும் தொண்டராகப் போக முடியாது. நம் பங்கு இளையோர் ஜெர்மனிக்கு விண்ணப்பம் நிரப்பும் மேசைக்கு அருகில் இதையும் பேசாமல் இருப்பது சரியாகப் படவில்லை. அவர்களுள் சிலரைப் பயிற்சியாளர்களாக அழைக்கலாம்; அதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

திரும்பி வருவதைப் பற்றியும் ஒரு சொல். ஓராண்டு கழித்து வருகிறவன் மாறியிருப்பான். அவனே தட்டைக் கழுவுவான், வீட்டில் சிரிப்பார்கள். கூட்டம் பத்து மணிக்கு என்றால் பத்து மணிக்கு வந்து தனியே உட்கார்ந்திருப்பான். அங்கே ஞாயிறு திருப்பலியில் நரைத்த தலைகளை மட்டுமே பார்த்துவிட்டு வந்தவனிடம் நம்மிடம் கேட்கச் சில கேள்விகள் இருக்கும். நாம் அவனைக் கேட்பதோ 'எவ்வளவு கொண்டுவந்தே?' என்ற ஒன்றுதான். சிலர் திரும்பாமல் அங்கேயே தொழிற்பயிற்சிக்கு வழி தேடுகிறார்கள். அதைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இங்கே அவனுக்குக் காத்திருப்பது மறுபடியும் ஒப்பந்த ஷிப்ட் என்றால் யாரைக் குறை சொல்வது? போகும் முன்பே தொழிற்சாலையோடு பேசி, ஓராண்டு விடுப்பாகக் கொள்ள முடியுமா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். பங்குப் பேரவையில் அந்தப் பொறுப்பை ஒருவர் ஏற்கலாம்.

அன்றைய கூட்டத்தில் விளக்கம் சொன்னவர் கடைசியில் அந்த அம்மாவிடம், "உங்க பையன் அங்க பாத்திரம் கழுவுவாம்மா. அந்த வீட்டுப் பையனும் கூடவே கழுவுவான்" என்றார். கூட்டம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை, யோசித்தார். பிறகு, "அப்ப அந்த வீட்டுப் பையன் இங்க வந்தா எங்க வீட்ல தங்கலாமா? ரெண்டு ரூம்தான் இருக்கு" என்று கேட்டார். விளக்கம் சொன்னவர் குறிப்பேட்டை எடுத்து அவர் பெயரையும் தெருவையும் எழுதிக்கொண்டார்.